கத்திக்கு முன் ஒரு தட்டுத் தண்ணீர்

நெற்றியில் வழியும் வேர்வைக்குத் தமிழில் தனி மரியாதை உண்டு. மே தின மேடையிலிருந்து சினிமாப் பாட்டு வரைக்கும் உழைப்பாளியின் வேர்வை முத்து, வைரம், தீர்த்தம். அதே உப்புத் தண்ணீர் உள்ளங்கையில் கசிந்தால் கதை மாறிவிடுகிறது. கை கொடுத்தவர் உடனே தன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். "என்னப்பா, இவ்ளோ டென்ஷனா?" என்று சிரிக்கிறார். முகம் வேர்த்தால் உழைப்பாளி, கை வேர்த்தால் பயந்தாங்கொள்ளி. இந்தத் தீர்ப்பை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. மேல்முறையீடு செய்ய மட்டும் இடமில்லை.

சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வேர்வை நிற்காமல் கொட்டும். அதைக் குறைக்க இரண்டு தட்டு குழாய்த் தண்ணீரும் சில மில்லி ஆம்பியர் மின்சாரமும் பெரும்பாலும் போதும். மருத்துவ உலகத்துக்கு இது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஆனால் நம்மூரில் இந்தப் பிரச்சினையோடு டாக்டரிடம் போகிற பையனோ பெண்ணோ பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஒன்று, "இதெல்லாம் ஒரு வியாதியா? மனசை லேசா வச்சுக்க." இன்னொன்று, "ஒரு சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்." இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தட்டைக் காட்டாமல் ஒருவரைக் கத்திக்கு அனுப்புவது பெரிய அநியாயம் என்பதுதான் என் கட்சி.

வேர்வைதானே?

மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கம். முதுகும் மார்பும் வேர்ப்பது உடம்பைக் குளிர்விக்க. உள்ளங்கை வேர்ப்பதற்கும் வெயிலுக்கும் அவ்வளவு சம்பந்தம் கிடையாது. அது பெரும்பாலும் மனக்கிளர்ச்சிக்குக் கட்டுப்பட்டது. லேசான ஈரம் பிடிமானம் தரும். தாள் புரட்டுகிறவர் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது மாதிரி. மரம் ஏறிய, கல் பற்றிய காலத்தில் இந்த ஏற்பாடு உயிரைக் காத்திருக்கும்.

சிலருக்கு இந்த ஏற்பாட்டின் சுவிட்ச் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுரப்பிகளில் பெரிதாகக் கோளாறு எதுவும் இல்லை. பரிவு நரம்பு மண்டலம் அவற்றுக்கு அனுப்பும் கட்டளைதான் அளவுக்கு மீறியது. மருத்துவர்கள் இதை முதன்மை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள், நாம் மிகை வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம். சிறு வயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கும். இரண்டு கையும் ஒரே மாதிரி வேர்க்கும். தூங்கும்போது நின்றுவிடும். விசாரித்தால் குடும்பத்தில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். இதற்கு மாறாக, நடுவயதில் திடீரென்று தொடங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் வேர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ கதை வேறு. தைராய்டு, காசநோய், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள் என்று பார்க்க வேண்டியவை நிறைய. அதை முதலில் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, உடலின் எல்லா இடத்து மிகை வியர்வையையும் சேர்த்து 2.8 சதவீதம் என்றது. மற்ற நாட்டுக் கணக்குகள் இதற்குக் கொஞ்சம் கீழும் மேலும் நிற்கின்றன. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒருத்தராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் யார் அது என்று ஞாபகம் இருக்கிறதா? விடைத்தாளுக்கும் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு கர்ச்சீப் வைத்து எழுதிய பெண், கபடியில் யார் கையையும் பிடிக்காமல் ஓரமாக நின்ற பையன். நமக்கு ஞாபகம் இருக்காது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதில்தான் அவர்கள் பயிற்சி எடுத்திருப்பார்கள்.

எனக்கும் கை வேர்க்கும். இன்ஜினியரிங் முதலாமாண்டு, டிராயிங் வகுப்பு. பெரிய ஷீட், டிராஃப்டர், ஹெச் பென்சில். மூன்று மணி நேரம் தாளின் மேல் கை வைத்து வரைய வேண்டும். அரை மணியில் ஷீட் ஊறிப் பொங்கிவிடும், கோடெல்லாம் மேகமாகிவிடும். ஒரு ஆசிரியர் என் ஷீட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது டிராயிங் ஷீட்டா, பஜ்ஜி மடிச்ச பேப்பரா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும்.

"வேர்வைதானே, உயிரா போயிடும்?" என்று கேட்பவர்களிடம் ஒரு பட்டியல் தருகிறேன். ரேஷன் கடையில் ஈர விரலை இயந்திரம் படிக்காமல் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கும் அம்மா. உலோகப் பட்டறையில் பாலிஷ் போட்ட இரும்பைத் தொட்டால் மறுநாள் விரல் ரேகை துருவாக நிற்கும் தொழிலாளி. ஆங்கிலத்தில் இவர்களுக்கு 'ரஸ்டர்' என்றே ஒரு பட்டறைப் பெயர் உண்டு. செருப்புக்குள் கால் வழுக்கிப் படியில் விழுகிற நர்ஸ். கைத்தலம் பற்றும் சடங்கை நினைத்துக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தூங்காத மணப்பெண். உயிர் போகாதுதான். தொழில், படிப்பு, தொடுதல் மூன்றும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

வேர்த்தால் குற்றவாளி

இந்த நோயைப் பற்றிய பெரிய பொய் ஒன்று உண்டு. பயப்படுவதால்தான் கை வேர்க்கிறது, எனவே பயத்தை விட்டால் சரியாகிவிடும் என்பது. மனக்கிளர்ச்சி வேர்வையைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுக்குச் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் வேர்க்கிறது. வேர்ப்பதால் கை கொடுக்கப் பயம், பயத்தால் இன்னும் வேர்வை. தொடக்கப்புள்ளி நரம்பில் இருக்கிறது. ஆனால் நாமோ குணத்தில் தேடுகிறோம். எட்டாம் வகுப்புப் பையனிடம் "தைரியமா இருடா" என்று சொல்வது, கிட்டப்பார்வைக்காரனிடம் "உத்துப் பாருடா" என்று சொல்வது மாதிரி.

இந்தப் பொய்க்கு ஒரு விஞ்ஞான அங்கியும் உண்டு. 1888இல் ஃபிரான்சில் ஃபெரே, 1890இல் ரஷ்யாவில் தர்கானோஃப், மனம் கிளர்ந்தால் தோலின் மின் தன்மை மாறுகிறது என்று காட்டினார்கள். விரலில் மின்வாய் வைத்து மிகச் சிறிய மின்சாரம் அனுப்பினால், வேர்வை கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும். பொய் கண்டறியும் இயந்திரம் அளக்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்த இயந்திரத்துக்கு உள்மனம் எதுவும் தெரியாது. கை ஈரத்தை அளந்து தருகிறது, மனிதர்கள் அதற்குக் குற்றம் என்று பெயர் வைக்கிறார்கள். 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

கையில் சிறிய மின்சாரம் பாய்ச்சினால் இரண்டு வேலை செய்யலாம். வேர்வையை வைத்து ஒருவரைச் சந்தேகப்படலாம் அல்லது அந்த வேர்வையைக் குறைக்கலாம். முதல் வேலை போலீஸ் சினிமா பார்த்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால், "கரண்டா? கையிலயா?" என்று பதறுகிறார்கள்.

தட்டு, தண்ணீர், மில்லி ஆம்பியர்

சிகிச்சையின் பெயர் அயன்டோஃபோரேசிஸ். பெயர்தான் பெரிசு. 1936இல் ஜப்பானில் இச்சிஹாஷி என்பவர், மின்சாரத்தின் உதவியால் மருந்துகளைத் தோல் வழியே செலுத்தி உள்ளங்கை வேர்வையைக் குறைக்க முடியும் என்று காட்டினார். 1952இல் பூமன், லென்ட்ஸர் இருவரும் இன்னும் எளிமையான ஒன்றைக் காட்டினார்கள். மருந்தே வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். 1968இல் அமெரிக்காவில் லெவிட் என்ற தோல் மருத்துவர் இதற்கான எளிய கருவி ஒன்றை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு நோயாளிகள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கருவிகள் சந்தைக்கு வந்தன.

செய்முறை இதுதான். இரண்டு ஆழமில்லாத தட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு உலோகத் தகடு, அதன் மேல் கை நேரடியாகப் படாமல் ஒரு துணி அல்லது பிளாஸ்டிக் வலை. உள்ளங்கை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். தட்டுக்கு ஒரு கையாக வைக்க வேண்டும். ஒரு தகடு நேர்மின்முனை, இன்னொன்று எதிர்மின்முனை. உடம்புதான் நடுவில் ஒயர். மின்சாரத்தை மெல்ல மெல்லக் கூட்டி 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கொண்டுபோவார்கள். குறுகுறுவென்று இருக்கும், ஆயிரம் எறும்பு மெதுவாக ஊர்வதுபோல. பாதியில் மின்முனையை மாற்றுவார்கள், ஏனென்றால் நேர்மின்முனைப் பக்கம்தான் பலன் அதிகம். மொத்தம் இருபது, முப்பது நிமிடம். வாரத்துக்கு மூன்று, நான்கு முறை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பதினைந்து அமர்வுகளுக்குள் கை காயத் தொடங்கும். அப்புறம் வாரம் ஒரு தடவையோ மாதம் ஒரு தடவையோ பராமரிப்பு. நிறுத்தினால் சில வாரங்களில் வேர்வை திரும்பிவிடும்.

நம்மூருக்கே உரிய ஒரு சௌகரியம்: சென்னையில் நாம் தினமும் திட்டுகிற உப்பு போர் தண்ணீர் இதற்கு நன்றாக வேலை செய்யும். அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் மின்சாரத்தைக் கடத்துகின்றன. காசு கொடுத்துச் சுத்தம் செய்த ஆர்.ஓ. தண்ணீர் இங்கே மக்கு. அதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட வேண்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மின்சாரம் போகும் பாதையில் உலோகத் தகடோ கம்பியோ பொருத்தியிருப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. மோதிரம், வளையல், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். காலுக்குச் செய்தால் மெட்டியையும் கழற்ற வேண்டும். அதை வைத்து ஒரு வீட்டில் எவ்வளவு பஞ்சாயத்து நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சின்ன வெட்டுக்காயம் இருந்தால் வாசலின் பூசி மறைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் சுரீர் என்று எரியும். தோல் சிவக்கலாம், வறண்டு போகலாம், சில நேரம் குட்டிக் கொப்புளம் வரலாம். மின்சாரம் ஓடும்போது கையை வெடுக்கென்று எடுத்தால் ஒரு உதறல் கிடைக்கும். இவ்வளவுதான் இதன் பயங்கரங்கள்.

"ஷாக் அடிக்காதா?" என்ற கேள்விக்கு ஒரு வரி பிஸிக்ஸ். சுவரில் இருப்பது 230 வோல்ட், நொடிக்கு நூறு முறை திசை மாறும் ஏசி. நரம்பையும் தசையையும் உலுக்குவது மின்னோட்டத்தின் மாற்றம். இங்கே ஓடுவது அளவு கட்டுப்படுத்தப்பட்ட, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் டிசி. இதனால்தான் முறையான கருவியில் மட்டும் செய்ய வேண்டும். செல்போன் சார்ஜரை வெட்டி ஒட்டித் தட்டில் போடுவது சிகிச்சை கிடையாது, தற்கொலை முயற்சி. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது அப்படிக் கிளம்பினால், தயவுசெய்து உட்காருங்கள்.

எதிர்த்தரப்பு

எதிர்த்தரப்பில் உருப்படியான வாதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

முதல் வாதம்: இது எப்படி வேலை செய்கிறது என்றே உறுதியாகத் தெரியாதே? உண்மை. வியர்வைக் குழாயின் வாய் அடைபடுகிறது என்று நெடுங்காலம் சொன்னார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடியபோது அடைப்பு தென்படவில்லை. நேர்மின்முனையில் உருவாகும் அமிலத்தன்மை சுரப்பியின் வேலையைக் குலைக்கிறது என்று இன்னொரு விளக்கம். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் ஆஸ்பிரின் 1899இலேயே கடைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் காட்டியது 1971இல். நடுவில் எழுபது வருடம் உலகம் தலைவலியோடு காத்திருக்கவில்லை.

இரண்டாவது: ஆதாரம் பலவீனம். இதுவும் பாதி உண்மை. 2002இல் துருக்கியில் 112 பேரிடம் செய்த ஆய்வில் எட்டு அமர்வுகளுக்குப் பிறகு உள்ளங்கை வேர்வை சராசரியாகச் சுமார் 80 சதவீதம் குறைந்தது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் இருக்கின்றன, ஆனால் அவை சிறியவை. 2017இல் பிரிட்டனில் மிகை வியர்வைச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், மொத்தத்தில் ஆதாரம் போதாது என்றுதான் எழுதினார்கள். சரி. ஆயிரம் பேரிடம் பெரிய ஆய்வு நடத்தப் பணம் வேண்டும். குழாய்த் தண்ணீருக்குக் காப்புரிமை வாங்க முடியுமா? காப்புரிமை இல்லாத பொருளுக்கு எந்தக் கம்பெனி ஆய்வு நடத்தும்? பெரிய ஆய்வு இல்லாததை மருந்தின் குறையாகப் படிப்பவர்கள், அது யாருக்கும் லாபம் தராததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது: நிரந்தரத் தீர்வு இல்லையே? வாழ்நாள் பூரா தட்டில் கை வைக்கணுமா? ஆமாம். மூக்குக்கண்ணாடியும் நிரந்தரத் தீர்வு இல்லை. தினமும் போட வேண்டும், தினமும் துடைக்க வேண்டும். எனக்கு நான்கு வாரம் பிடித்தது, இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை, பாட்கேஸ்ட் கேட்டுக்கொண்டே உட்கார்கிறேன். சிலருக்கு இது வேலையே செய்யாது. அவர்களுக்கு அடுத்த படி உண்டு. ஆனால் அடுத்த படிக்குப் போக முந்தைய படியில் ஏறியிருக்க வேண்டும் இல்லையா?

ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட்

இப்போது கத்திக்கு வருவோம். அந்த அறுவை சிகிச்சையில், விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளை போட்டு, நுரையீரலைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை வெட்டுவார்கள், சுடுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். பலன் மின்னல் வேகம். பெரும்பாலும் மேசையிலேயே கை காய்ந்துவிடும். விளம்பரங்களில் 'ஒரே நாளில்', 'நிரந்தரமாக' என்று போடுவது அந்தத் தருணத்தைத்தான்.

விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருப்பது வேறு. கையில் நின்ற வேர்வை முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடங்களில் கிளம்பலாம். ஈடுகட்டும் வியர்வை என்று பெயர். பல ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்திருக்கிறது. பலருக்குச் சமாளிக்கக்கூடிய அளவு, சிலருக்கு ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்ற வேண்டிய அளவு. புழுக்கமான ஊர்களில் தொல்லை கூடுதல். மே மாதச் சென்னையை இங்கே விளக்கத் தேவையில்லை. வெட்டிய நரம்பை ஒட்ட முடியாது. கிளிப்பைக் கழற்றினால் பழையபடி ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இந்த அறுவை சிகிச்சை மிக அதிகமாக நடந்த நாடுகளில் ஒன்று தைவான். 2004இல் அந்த நாடு இருபது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதைச் செய்யத் தடை விதித்தது. செய்து பார்த்துப் பட்டறிந்த நாடு எடுத்த முடிவு அது.

நானும் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பத்து நிமிடத்துக்குள் எனக்கு ஆபரேஷன் தேதி கொடுக்கத் தயாராக இருந்தார்கள். "கரண்ட் ட்ரீட்மென்ட்னு ஒண்ணு இருக்காமே சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய ட்ரீட்மென்ட் தம்பி, டைம் வேஸ்ட்" என்று பதில் வந்தது. முயற்சி செய்து பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. முயற்சி செய்தால் என்ன நஷ்டம் என்றும் சொல்லவில்லை.

மென்பொருள் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு விதி சொல்வார்கள். ரோல்பேக் இல்லாத மாற்றத்தை நேராகப் புரொடக்‌ஷனில் போடாதே. திரும்பப் பெறக்கூடியதை முதலில் செய்து பார், முடியாததைக் கடைசியில் வை. ஒரு பட்டனின் நிறத்தை மாற்றவே நாங்கள் மூன்று பேரிடம் அனுமதி வாங்குகிறோம். இங்கே பத்தொன்பது வயதுப் பையனின் நரம்பு. ரோல்பேக் இல்லை, டெஸ்ட் என்விரான்மென்ட் இல்லை, ஒரே ஒரு காப்பிதான்.

அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முயன்று தோற்று, பின்விளைவைத் தெரிந்து, அதற்குப் பின்னும் செய்துகொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் நிறைய. அவர்கள் முடிவு அவர்களுடையது. என் கேள்வி வரிசையைப் பற்றி. இரவில் காய்ந்த கையில் பூசும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. தண்ணீர்த் தட்டு இருக்கிறது. கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, வாய் வறண்டாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். போட்டுலினம் ஊசி இருக்கிறது, வலிக்கும், செலவாகும், சில மாதத்தில் அதுவே தேய்ந்துவிடும். 2023இல் ஜப்பான் உள்ளங்கைக்கென்றே ஆக்ஸிபியூட்டினின் லோஷன் ஒன்றை அனுமதித்திருக்கிறது. எல்லாமே திரும்பி வரக்கூடிய பாதைகள். கடைசியில்தான் கத்தி. இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவரை நிபுணர் என்று எப்படி அழைப்பது?

யார் விற்பது தண்ணீரை?

ஏன் தட்டைக் காட்டுவதில்லை? சதி எதுவும் இல்லை, கணக்குதான். போட்டுலினத்துக்கு மெடிக்கல் ரெப் உண்டு, குழாய்த் தண்ணீருக்கு ரெப் கிடையாது. ஒரு நோயாளியை அரை மணி நேரம், வாரம் மூன்று தடவை, ஒரு நாற்காலியில் உட்கார வைக்கும் சிகிச்சையில் கிளினிக்குக்கு என்ன வரும்? நோயாளி சொந்தக் கருவி வாங்கிவிட்டால் திரும்பி வரவே மாட்டார். அரசு மருத்துவமனை டாக்டருக்கோ காலை முழுக்க நிற்கும் வரிசை. அதில் வேர்வைக்காரனுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மூன்று நிமிடத்தில் "பிசியோதெரபி டிபார்ட்மென்டுக்குப் போ" என்று ஒரு சீட்டு எழுத வழி இருக்க வேண்டும் என்கிறேன்.

வழி இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். அயன்டோஃபோரேசிஸ் நம் பிசியோதெரபி மாணவர்கள் பாடத்தில் படிக்கிற சங்கதி. தசைகளைத் தூண்டும் கால்வானிக் கருவிகள் பிசியோதெரபி கூடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. ஜெர்மனியில் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு வழங்கக்கூடிய உதவிக்கருவிகளின் பட்டியலில் இந்த வீட்டுக் கருவி இருக்கிறது. பிரிட்டனில் பொது மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். இங்கே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே போகிறது. வாசல் வரை போகத் தெரிந்த அரசுக்கு, மருத்துவக் கல்லூரியில் இரண்டு தட்டு வைக்கத் தெரியாதா?

அடுத்த குற்றவாளிக் கூண்டில் என் சொந்த ஜாதி: இன்ஜினியர்கள். வெளிநாட்டுக் கருவி சில நூறு டாலர். உள்ளே இருப்பது என்ன? பேட்டரி, மாறா மின்னோட்டச் சுற்று, மெல்ல ஏற்றி இறக்கும் ஏற்பாடு, அளவு மீறினால் அணைந்துபோகும் பாதுகாப்பு, ஒரு மீட்டர். எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டுப் பாடம். வருடா வருடம் இந்த மாநிலத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் என்று எத்தனை கோடு பார்த்து ஓடும் ரோபோ, எத்தனை ஸ்மார்ட் குப்பைத்தொட்டி! குப்பைத்தொட்டி கையசைத்தால் திறக்கிறது. அசைக்கிற கை வேர்த்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மருத்துவக் கருவி என்றால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி, பரிசோதனை, பொறுப்பு எல்லாம் வேண்டும்தான். ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு பொறியியல் கல்லூரியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகாத காரியமா இது? பத்து நிமிடத்தில் பிரியாணி வீடு சேர ஆப் எழுதுகிற மூளைக்கு, இருபது மில்லி ஆம்பியரைப் பத்திரமாகக் கட்டிப்போடுவது பெரிய வேலை கிடையாது. வேர்வைக்காரன் ஒரு 'மார்க்கெட்' என்று யாரும் இன்னும் பிட்ச் டெக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை

என் கோரிக்கை மூன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறையும் பிசியோதெரபி துறையும் சேர்ந்து இந்தச் சிகிச்சையை வாரம் சில நாள், மாலை நேரத்தில், படிக்கிற, வேலைக்குப் போகிற பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில் கொடுக்க வேண்டும். நரம்பு அறுவைக்குக் கையெழுத்து வாங்கும் படிவத்தில், மற்ற சிகிச்சைகள் எவை, எவை முயலப்பட்டன, ஈடுகட்டும் வியர்வை என்றால் என்ன என்பவை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கை வேர்க்கும் பிள்ளைக்குத் தேர்வில் ஒரு கர்ச்சீப்பும் ஒரு கூடுதல் தாளும் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும். மூன்றாவதற்கு அரசாணைகூட வேண்டாம், நாளைக் காலையே ஒரு ஆசிரியர் செய்யலாம்.

இதைப் படிக்கிற வேர்வைக்காரருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையை ஃபோனில் தள்ளிப் படிக்கும்போதே திரையை நான்கு தடவை துடைத்திருப்பீர்கள். அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது நான்கு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். இது முதன்மை மிகை வியர்வைதானா, வேறு காரணம் பார்க்க வேண்டுமா? பூசும் மருந்து எனக்கு ஒத்துவருமா? அயன்டோஃபோரேசிஸ் எங்கே கிடைக்கும், எனக்குச் செய்யலாமா? அறுவை சிகிச்சை என்றால், என் முதுகும் தொடையும் வேர்க்கத் தொடங்கினால் அப்போது என்ன செய்வீர்கள்? நான்காவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்விகளைப் பேனாவில் எழுதாதீர்கள், கலைந்துவிடும். பால்பாயின்டில் எழுதுங்கள்.